பூச்சாண்டி மேல் வந்த புகார்

நம்மூர்க்காரர்கள் மூன்று பேர் இந்த வருஷம் குழந்தைகள் நல ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் இருந்த இருபத்திரண்டு வருஷமும் அந்தக் கட்டடத்தில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான்தான். நியூ ஜெர்சியில் பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போது யாராவது, "ஆன்ட்டி, நீங்க எங்க ஒர்க் பண்றீங்க?" என்று கேட்பார்கள். சொல்வேன். சொன்ன மறு நொடி, பக்கத்தில் நிற்கிற தங்கள் குழந்தையின் காலரைச் சரிசெய்து, மூக்கைத் துடைத்து, தலையை அன்பாகத் தடவிக்கொடுப்பார்கள். எனக்கு மட்டும் புளியோதரை இரண்டு கரண்டி விழும். இனி உங்களுக்கும் விழும். கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

படிவத்தை எப்படி நிரப்புவது, கோர்ட்டில் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் ஆபீஸிலேயே சொல்லித் தருவார்கள். எனக்கு அதெல்லாம் பாதி மறந்தும் போய்விட்டது. நான் சொல்ல வந்தது பிஸ்கட்டவே என்கிற ஊர்ப் பக்கம் நடந்த ஒரு விஷயம். பேர், விவரம் எல்லாம் மாற்றியிருக்கிறேன், தேடிக் கண்டுபிடிக்கலாம் என்று கிளம்பாதீர்கள். எனக்கு வாய் கொஞ்சம் அவசரம், சிரிப்பு அதைவிட அவசரம். இரண்டும் சேர்ந்து ஒரு வேலையை எப்படிக் கெடுக்கப் பார்த்தது என்பதுதான் கதை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பள்ளிக்கூடத்திலிருந்து போன். முதல் வகுப்பு டீச்சர். தியா என்கிற ஆறு வயசுப் பெண் வகுப்பில் ஒரு படம் வரைந்திருக்கிறாள். கறுப்புக் கோட்டு, தொப்பி, தோளில் பெரிய மூட்டையோடு ஒரு ஆள். இவர் யார் என்று டீச்சர் கேட்டதற்கு, "நான் சாப்பிடலேன்னா அம்மா என்னை இவர்கிட்ட குடுத்துடுவாங்க" என்றிருக்கிறாள். இவர் எங்கே இருக்கிறார்? கராஜில். வீட்டுக்குள் வருவாரா? செவ்வாய்க்கிழமை வந்தார், கதவைத் தட்டினார். மூட்டைக்குள் என்ன இருக்கிறது?

"மற்ற குழந்தைகள்."

சந்தேகம் வந்தால் எங்களைக் கூப்பிட்டே ஆகவேண்டும் என்பது சட்டம். டீச்சர் கூப்பிட்டுவிட்டார். அவர் சொன்னதை எங்கள் சூப்பர்வைசர் மேஜையில் வைத்துப் படித்தபோது சுற்றி உட்கார்ந்திருந்த ஐந்து பேர் முகமும் வெளுத்துப்போனது. நான் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன்.

"இது பூச்சாண்டி!" என்றேன். "எங்க ஊர்ல சாப்பிடாத குழந்தை எல்லாத்துக்கும் இவர் உண்டு. கேஸை மூடிடுங்க, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

சூப்பர்வைசர் இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்ட பெண்மணி. நான் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "நீ சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் காலிங்பெல் அடிப்பதற்கு முன்பே விடை தெரிந்த ஆள் கேள்வி கேட்கக்கூடாது. நீயும் போ. கேட்பதை உன்னோடு விசிட்டுக்கு வருகிற ஜோடி கேட்கட்டும். அவர்கள் வாயில் நீ ஒரு வார்த்தையைக்கூட எடுத்து வைக்காதே."

எனக்குச் சுருக்கென்றது. பூச்சாண்டியைப் பற்றி இந்த அமெரிக்கப் பெண்மணிக்கு என்ன தெரியும் என்று உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டே காரில் ஏறினேன்.

வீடு பூட்டியிருந்தது. கதவு இடுக்கில் எங்கள் கார்டைச் செருகிவிட்டு வந்தோம். அந்தக் குடும்பம் அன்று பள்ளி விட்ட கையோடு வர்ஜீனியாவில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்பிப் போயிருக்கிறது. புகார் வந்த அன்றே ஊரில் இல்லை என்றதும் சூப்பர்வைசரின் புருவம் மேலே போனது. ஆனால் எதிர்வீட்டு ஆன்ட்டி எங்கள் கார்டை போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்ப, சனிக்கிழமை வர்ஜீனியாவில் இலையில் உட்கார்ந்த தியாவின் அப்பா பாயசம் வருவதற்குள் எழுந்துவிட்டார். எனக்குப் போன் வந்தது. "மேடம், வீ ஆர் கமிங் பேக், வீ ஆர் ஆல்ரெடி ஆன் த ஃப்ரீவே" என்று ஒரே மூச்சில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வருகிறோம் என்று சொன்னோம்.

அந்த ஒன்றரை நாளில் அவர்கள் செய்த காரியத்தை இந்த நாட்டில் வேறு எந்தப் பெற்றோரும் செய்திருக்க மாட்டார்கள். எங்கள் விசிட்டை அவர்கள் விசா இன்டர்வியூ என்று எடுத்துக்கொண்டார்கள். வேறென்ன செய்வார்கள் பாவம்? அரசாங்கத்தில் இருந்து ஒருவர் கேள்வி கேட்க வருகிறார் என்றால் அவர்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கான்சலேட், கிரீன் கார்டு என்று பத்து வருஷமாக அதற்கே தயாராகித் தயாராகிப் பழகியவர்கள். தெரிந்தவர் ஒருவர், அவர் பேச்சைக் கேட்டுப் போன யாருக்கும் விசா மறுக்கப்பட்டதில்லை என்று பேர் வாங்கியவர், வர்ஜீனியாவிலிருந்து நியூ ஜெர்சி வரை காரில் ஸ்பீக்கர் போனிலேயே மூவருக்கும் பயிற்சி கொடுத்திருக்கிறார். இதெல்லாம் பின்னால் அந்த அப்பாவே சொன்னது.

கதவைத் திறந்த அப்பா, வெறுங்காலோடு கோட்டு சூட்டு டை கட்டியிருந்தார். பின்னால் அம்மா, ஆபீஸ் பிளேசரில். நடுவில் தியா, தலையை வழித்து வாரி, கையைக் கட்டிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் அம்மா முகம் மலர்ந்தது.

"மேடம் தமிழா? எந்த ஊரு மேடம்?"

எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. என் ஜோடி ஒரு பார்வை பார்த்தாள். "தமிழ்தாங்க" என்று மட்டும் சொல்லி வாயை மூடிக்கொண்டேன்.

டைனிங் டேபிளில் இரண்டு அங்குல கனத்தில் ஒரு ஃபைல். கலர் கலராகப் பிரிவு ஒட்டியிருந்தது. தியாவின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, நீச்சல் சர்டிபிகேட் எல்லாம் சரி. அதற்குப் பிறகு அப்பாவின் இன்ஜினியரிங் மார்க் ஷீட், எட்டு செமஸ்டரும். அதற்குப் பிறகு கல்யாண ஆல்பம். தாலி கட்டுகிற போட்டோ மூன்று கோணத்தில் இருந்தது. இவர்கள் கல்யாணம் நிஜமா என்பதில் எங்கள் ஆபீஸுக்கு எந்த அக்கறையும் கிடையாது. என் ஜோடி பொறுமையாக எல்லாவற்றையும் புரட்டினாள். மூன்றாவது செமஸ்டரில் ஒரு அரியர் இருந்ததை அப்பா தானாகவே முன்வந்து விளக்கினார்.

குழந்தையிடம் தனியாகப் பேசவேண்டும் என்பது விதி. மாடியில் அவள் அறையில் என் ஜோடி தரையில் உட்கார்ந்தாள், நான் மூலையில். சாதாரணக் கேள்விகளில் இருந்து ஆரம்பித்தாள். காலையில் என்ன சாப்பிட்டாய்?

"ஹெல்தி ஃபுட்" என்றாள் தியா.

யார் செய்தது?

"போத் மை பேரன்ட்ஸ், ஈக்வலி."

உனக்குப் பிடித்த கலர் எது? தியா யோசித்தாள். இதைக் காரில் பயிற்சி கொடுத்த அந்த அங்கிள் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. எழுந்து மாடிப்படி வரை போய், கீழே எட்டிப் பார்த்து, "அப்பா! வாட்ஸ் மை ஃபேவரிட் கலர்?" என்று கத்தினாள்.

கீழே குசுகுசுவென்று ஆலோசனை நடந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "ப்ளூ!" என்று பதில் வந்தது.

நான் கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் என் ஜோடி சிரிக்கவில்லை. அடுத்து, டீச்சர் அனுப்பியிருந்த அந்தப் படத்தை எடுத்துக் காட்டி, இவர் யார் என்று கேட்டாள். தியா விட்டத்தைப் பார்த்து, "ஐ ஹாவ் எ ஹாப்பி அண்ட் சேஃப் ஹோம்" என்றாள். மறுபடி கேட்டதற்கும் அதே வரி. எங்கள் வேலையில் எதற்கு மிகவும் பயப்படவேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்களே, சொல்லிக்கொடுத்துப் பேசுகிற குழந்தை, அது எங்கள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

கீழே வந்தோம். இந்த வீட்டுக்கு வேறு ஆண்கள் யாராவது வருவார்களா என்று என் ஜோடி கேட்டாள். "நோ" என்றார் அப்பா. கேட்டதற்கு மட்டும் பதில், விசா இன்டர்வியூ மாதிரி. உங்கள் பெண் ஒரு ஆளை வரைந்திருக்கிறாள், மூட்டையோடு, கராஜில் இருப்பாராம் என்று சொல்லிப் படத்தை நீட்டினாள்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அரை நொடிதான். அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. சிரித்துவிடுங்கள், கடவுளே, இரண்டு பேரும் இப்போது சிரித்துவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அப்பா டையைச் சரிசெய்துகொண்டு, "வீ ஹாவ் நோ இன்ஃபர்மேஷன் அபவுட் திஸ் பர்சன்" என்றார்.

கராஜைத் திறந்து காட்டச் சொன்னாள். அரிசி மூட்டைகள், வாசல் பனியில் தூவுகிற உப்பு, பழைய ட்ரெட்மில். ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு, ஒரு தொப்பி. அதன் கீழே ஒரு பாஸ்மதி சாக்கு, எதையோ திணித்து உப்பிப்போய். படத்தில் இருந்தது அப்படியே எதிரில் தொங்கியது. சாக்குக்குள் பழைய கம்பளிதான் இருந்தது. இது யாருடையது என்று கேட்டாள். அப்பா வியர்த்து வழிந்துகொண்டு, "ப்ரீவியஸ் ஓனர்" என்றார்.

அந்த நிமிஷம் எனக்கும் சந்தேகம் வந்தது. வெள்ளிக்கிழமை அப்படிச் சிரித்தேனே, அது என் பூச்சாண்டியை நினைத்துச் சிரித்தது. எனக்குத் தெரிந்த பூச்சாண்டிக்குக் கோட்டும் தொப்பியும் கிடையாது. இவர்கள் எதற்குப் பொய் சொல்கிறார்கள்? குழந்தைக்கு எதற்கு வாய்ப்பூட்டு? நம்மூர் முகம், நம்மூர் ஃபில்டர் காபி வாசனை என்பதற்காக நான் பாதியில் பார்ப்பதை நிறுத்திவிட்டேனா? என் ஜோடி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த ஆள் யார் என்று தெரியாமல் குழந்தையை இன்று இந்த வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியாது என்றாள். தற்காலிகமாக வைத்துக்கொள்ள ஒரு குடும்பம் கிடைக்குமா என்று சூப்பர்வைசரிடம் கேட்கப் போவதாகச் சொன்னாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை.

மூன்றே மூன்று வார்த்தை. "பூச்சாண்டிதானே? சொல்லித் தொலைங்களேன்" என்று நான் தமிழில் கேட்டிருந்தால், ஆமாம் மேடம் என்று காலில் விழுந்திருப்பார்கள். ஆனால் அந்த ஆமாமுக்கு என்ன மதிப்பு? கராஜில் நிஜமாகவே ஒரு ஆள் இருந்திருந்தாலும் அதே ஆமாமைத்தான் சொல்லியிருப்பார்கள். சூப்பர்வைசர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எடுத்துக்கொடுக்கிற வார்த்தை அவர்கள் வார்த்தை ஆகாது.

மணி ஆறு ஆகியிருந்தது. "போன் பண்றதுக்கு முன்னாடி ஒரு அரைமணி நேரம் குடு. குழந்தை சாப்பிடற வரைக்கும் இருப்போம்" என்று ஜோடியிடம் கேட்டேன். புகாரே சாப்பாட்டைப் பற்றியது. கேள்விக்கெல்லாம் ஒத்திகை பார்த்துவிட்டார்கள், சரி. சாப்பிடாத குழந்தைக்கு ஊட்டுவதை யாரால் ஒத்திகை பார்க்க முடியும்?

தயிர் சாதம், உருளைக்கிழங்கு. தியா ஒரு வாய் வாங்கிக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். முழுங்கவில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம்.

"ஹனி, வுட் யூ லைக் டு ஸ்வாலோ?" என்றாள் அம்மா.

தியா தலையை ஆட்டினாள்.

"இட்ஸ் ஓகே, ஸ்வீட்டி. டேக் யுவர் டைம்." அம்மாவின் கழுத்தில் ஒரு நரம்பு எழும்பி நின்றது. பதினைந்து நிமிஷம். பதினெட்டு. தியா ஒரு பருக்கையை விரலில் எடுத்து டேபிளில் ஒட்டினாள். அதன் பக்கத்தில் இன்னொன்று.

"ஏய்! வாய்ல அடைச்சு வெச்சுக்கிட்டு என்னடி கோலம் போடற? இப்ப முழுங்கலேன்னா பூச்சாண்டியைக் கூப்பிட்டுக் குடுத்துடுவேன் பாத்துக்கோ!"

சொல்லிவிட்டு அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அதே சமயம், பழக்க தோஷம், அப்பாவின் கை டேபிளுக்கு அடியில் போய் டொக், டொக், டொக் என்று மூன்று தட்டுத் தட்டியது. தட்டிய பிறகுதான் தட்டிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. கையை நெருப்பில் வைத்த மாதிரி இழுத்துக்கொண்டார்.

தியா முழுங்கினாள். அப்பாவை ஏமாற்றமாகப் பார்த்து, "அப்பா, யூ ஃபர்காட் த வாய்ஸ்!" என்றாள்.

"என்ன வாய்ஸ்?" என்று கேட்டாள் என் ஜோடி.

அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கோட்டு சூட்டோடு, நியூ ஜெர்சி மாநில அதிகாரி எதிரில், அந்த மனிதர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஊம்... எந்த வீட்ல... சாப்பிடாத பொண்ணு இருக்கு... என் மூட்டைல... ஒரே ஒரு எடம் காலி..." என்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள், தியா சிரித்த சிரிப்பில் தயிர் சாதம் என் ஜோடியின் கண்ணாடியில் தெறித்தது. ஜோடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்கத் துடைக்கத் தோள் குலுங்கியது. நான் அதற்குமேல் அடக்கவில்லை.

அப்புறம் தியா கொட்டினாள். அது அப்பாதான் என்று அவளுக்கு எப்போதோ தெரியும். முதல் தடவை பயந்து அழுதாளாம். இரண்டாவது தடவை கோட்டுக்குக் கீழே அப்பாவின் சாக்ஸைப் பார்த்துவிட்டாளாம். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அப்பாவுக்கு அந்த விளையாட்டு ரொம்பப் பிடிக்கும் என்றாள். வகுப்பில் ஏன் வரைந்தாய் என்றால், டீச்சர் பதற்றத்தில் எங்களிடம் சொல்ல மறந்த விஷயம் வெளியே வந்தது. அன்று வரையச் சொன்ன தலைப்பு, நமக்கு உதவி செய்கிறவர்கள். மற்ற பிள்ளைகள் தபால்காரரையும் தீயணைப்புக்காரரையும் வரைந்திருக்கிறார்கள்.

"ஹீ ஹெல்ப்ஸ் அம்மா" என்றாள் தியா.

என் ஜோடி சிரித்தாலும் விடவில்லை. முதல் தடவை அழுதாள் என்பதைப் பற்றி அப்பா அம்மா இருவரிடமும் பத்து நிமிஷம் பேசினாள். அப்பா தலைகுனிந்து, "அழுதது எனக்குத் தெரியவே தெரியாதுங்க" என்று என்னிடம் தமிழில் சொன்னார். வராந்தாவுக்குப் போய் சூப்பர்வைசருக்குப் போன் போட்டோம். ஆள் அகப்பட்டுவிட்டார், உயரம் ஐந்தடி எட்டங்குலம், சாஃப்ட்வேரில் இருக்கிறார் என்று ஜோடி சொன்னாள். அந்தப் பக்கம் கேட்டது அந்தப் பெண்மணியின் வெடிச்சிரிப்பு. குழந்தை வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்.

உள்ளே வந்து சொன்னதும் அந்த வீடே கல்யாண வீடாகிவிட்டது. அப்பா டையை அவிழ்த்து வீசினார். காரில் நடந்த பயிற்சியை நடித்துக் காட்டினார். அம்மா காபி கலந்தே தீருவேன் என்றாள், நாங்கள் விதிப்படி கூடாது என்றோம், காபி மணத்துக்கு விதி உண்டா மேடம் என்றாள். நான்கு பேரும் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து சிரித்துக்கொண்டிருந்தோம். நடுவில் சமையலறைக்குப் போன அம்மா ஒரு தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"மேடம், பாருங்க! தட்டு காலி! யாரும் சொல்லாம அவளே சாப்பிட்டிருக்கா!"

கைதட்டினோம். கிளம்பலாம் என்று எழுந்தோம்.

வாசலில் தியா நின்றுகொண்டிருந்தாள். ஜாக்கெட் போட்டு, ஜிப்பைக் கழுத்து வரை இழுத்து, ஷூ மாட்டி, முதுகில் ஸ்கூல் பை. முகத்தில் சிரிப்பு இல்லை.

"எங்கடா கண்ணு கிளம்பிட்ட?" என்று அப்பா கேட்டார்.

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். தப்பாகப் பதில் சொன்னால் ஆபீசர்கள் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று காரில் அங்கிள் சொன்னாராம். தான் வாய்ஸைப் பற்றிச் சொல்லிவிட்டாளாம், அது சொல்லிக்கொடுத்த பதில் இல்லையாம். "ஐ காட் இட் ராங்" என்றாள். "கேன் அம்மா கம் இன் த கார் டூ?"

இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது வேறெப்போதும் இல்லை. சூப்பர்வைசருக்குச் சொன்னோம். அப்பாவுக்குச் சொன்னோம், அம்மாவுக்குச் சொன்னோம். அரைமணி நேரம் அந்த வீடு அதிரச் சிரித்தோம். யார் விஷயமாக வந்தோமோ அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் தனியாக மாடி ஏறி, தனியாகப் பை கட்டி, தனியாக ஷூ லேஸ் முடிந்திருக்கிறாள். அந்த வீட்டில் அவளை நிஜமாகப் பயமுறுத்தியது நாங்கள். கேஸில் முடிவு என்ன ஆனாலும் சரி, முதலில் குழந்தையிடம் சொல்லுங்கள். இதை யாரும் உங்களுக்கு எழுதித் தரமாட்டார்கள், நான் சொல்கிறேன்.

அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். "நீ சொன்னதுதாண்டா கண்ணு சரியான பதில். உன்னை யாரும் எங்கயும் கூட்டிட்டுப் போகப் போறதில்ல. நாங்க மட்டும்தான் கிளம்பறோம்" என்றேன்.

அவள் பையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். திறந்து பார்த்தேன். நீச்சல் டிரஸ், நான்கு சாக்ஸ், ஒரு டூத் பிரஷ். அடியில் அவளுடைய ஸ்கூல் டிபன் பாக்ஸ், கனமாக இருந்தது. மூடியைத் திறந்தால், தட்டில் இருந்த தயிர் சாதம் முழுக்க உள்ளே.

"இன் கேஸ் யூ டோன்ட் ஹாவ் இட் தேர்" என்றாள்.

அம்மா அப்படியே ஷூ ராக் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டாள். தியா ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் அவள் எதிரில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தாள்.